கேள்விக்குறியோடு வந்த டிக்கட்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மாலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால் ஒன்று போக ஒன்று வரும். ஆனாலும் லோஜினி மடுல்கெல்ல பஸ் வரும்வரை நிற்பாள். அந்த பஸ்ஸின் கொண்டக்டர் மோகனராஜ், மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு வழியிலுள்ள ஊர்களையெல்லாம் கூப்பிடுவான். "மடவல, வத்தேகம, பன்வில" என்று மற்றவர்களைப் போலவே வேகமாகத்தான் தொடங்குவான். கடைசி ஊருக்கு வந்ததும் அவசரம் போய்விடும். "மடுல்கெல்ல" என்பதை நடுவில் இழுத்து, கடைசி எழுத்தை மெல்ல இறக்கி வைப்பான். அதைக் கேட்டால், அங்கே மலைமேல் யாரோ விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் நிற்பதைப் போலிருக்கும். லோஜினி மடுல்கெல்லவுக்கு ஒருநாளும் போனதில்லை. அவளுடைய வீடு பாலத்தைத் தாண்டியதும் இறங்கினால் வந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் புத்தகம் படிப்பாள். பனி பெய்கிற நாடுகளில் யாரோ எழுதி, தமிழுக்கு வந்து சேர்ந்த கதைகள். இறங்கும் இடத்தில் மோகனராஜ் கேட்பான்.

"என்னங்க, கதை முடிஞ்சிருச்சா?"

"இல்ல, இன்னும் முடியல."

சில வருடங்களாக அவர்கள் பேசியது அவ்வளவுதான். அந்தப் பதிலைச் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று அவள் நூலகத்தில் தடித்த புத்தகங்களாக எடுக்கத் தொடங்கியிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவனுடைய மூச்சில் ஒரு விசில் சத்தம் வந்தது. ஊர்ப்பெயர்களுக்கு நடுவே மூச்சை இழுக்கும்போது மெலிதாகக் கீச்சிடும். ஆஸ்மா என்று சொல்லிச் சட்டைப் பையில் வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்ப் ஒன்றை வைத்திருந்தான். இரண்டு ஊரைச் சொல்வான், பம்பை இழுப்பான், அடுத்த ஊரைச் சொல்வான். பின் சீற்றில் வழக்கமாக வருகிற மரக்கறிக் கடை நஸீப் நானா அவனை விடமாட்டார்.

"தம்பி, காத்துப் போறது டயர்லயா, ஒங்கட நெஞ்சிலயா?"

"டயரா இருந்தா ஒட்டிறலாமே நானா."

பஸ் சிரிக்கும். லோஜினிக்குச் சிரிப்பு வராது. பம்பை இழுத்த பிறகும் விசில் அப்படியே இருப்பதை அவள் புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசியில் அவன் மடுல்கெல்லவை இழுப்பதை நிறுத்திவிட்டான். மூச்சுப் போதவில்லை. பிறகு ஒருநாள் பஸ்ஸில் வேறொருவன் நின்றான். நெருப்புப் பிடித்தவன்போல ஊர்களைக் கத்தினான்.

"எங்க நம்ம ஆளு?" என்று நஸீப் நானா டிரைவரிடம் கேட்டார்.

"தொண்டையில கட்டியாம் நானா. பெரியாஸ்பத்திரியில வெட்டி எடுத்திருக்காங்களாம்."

"அந்த வருத்தமா?"

"அப்பிடித்தான் தோட்டத்து லயத்தில பேசிக்கிறாங்க."

புற்றுநோயை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸில் எல்லோரும் 'அந்த வருத்தம்' என்ற சொல்லை வெளியே தள்ளுவதுபோல ஜன்னலைப் பார்த்தார்கள். லோஜினிக்கு வாய் வரைக்கும் ஒரு சொல் வந்தது. அது இன்னும் தெரியாது என்பதுதான் அந்தச் சொல். ஆனால் அவள் அதைச் சொல்லக்கூடாது. அன்று காலையில்தான் மோகனராஜின் டிக்கட் அவளுடைய மேசைக்கு வந்திருந்தது.

அவள் அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பதிவேட்டு அறையில் வேலை செய்தாள். வார்ட்டில் ஒவ்வொரு நோயாளியின் கட்டில் தலைமாட்டிலும் தொங்குகிற காகிதக் கட்டுக்கு டிக்கட் என்று பெயர். நோயாளி வீட்டுக்குப் போனதும் டிக்கட் கீழே வரும். டொக்டர் எழுதிய வருத்தத்தின் பெயரைப் படித்து, தடித்த வகைப்பாட்டுப் புத்தகத்தில் அதற்குரிய எழுத்தையும் எண்ணையும் தேடி, டிக்கட்டின் மூலையில் குறிக்க வேண்டும். பிறகு அது பழைய டிக்கட்டுகளை அடுக்கும் றாக்கைத் தட்டுகளுக்குப் போகும். மேலே எத்தனை அழுகை நடந்திருந்தாலும் கீழே வரும்போது அது ஓர் எழுத்தும் சில எண்களும்தான். இங்கே படித்ததை வெளியே பேசக்கூடாது. எழுதியிருப்பதைத்தான் குறிக்க வேண்டும், நினைப்பதைக் குறிக்கக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லப்பட்டவை இந்த இரண்டும்தான்.

மோகனராஜின் டிக்கட்டில் தொழில், பஸ் கொண்டக்டர் என்றிருந்தது. நீண்ட காலம் ஆஸ்மா என்று மருந்தெடுத்தவர் என்றிருந்தது. மூச்சுக்குழாயில், குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே கட்டி. வாய் வழியாகக் குழாய் விட்டு அகற்றப்பட்டது. கிளினிக்கில் பார்க்கும்வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது. கடைசி வரியில், வருத்தத்தின் பெயருக்கு நேரே, 'தீங்கற்ற கட்டி' என்று எழுதி அதற்கு முன்னால் பெரிதாக ஒரு கேள்விக்குறி. வெட்டியெடுத்த துண்டு ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கிறது.

லோஜினி புத்தகத்தின் கட்டிகள் அட்டவணையைத் திறந்தாள். மூச்சுக்குழாய் என்ற வரியில் விரலை வைத்தாள். இடது ஓரத்தில் C33. அது புற்றுநோய். வலப்பக்கம் நகர்ந்தால் நான்காவது கட்டத்தில் D14.2. அதுதான் தீங்கற்றது. கடைசிக் கட்டத்தில் D38.1, இன்னதென்று தெரியாதது. எத்தனையோ டிக்கட்டுகளைக் குறித்திருந்தும் D14.2 என்ற எண்ணை அவள் எழுதியதேயில்லை. மூச்சுக்குழாயில் அப்படியொரு கட்டி வருவது அவ்வளவு அபூர்வம். இடது ஓரத்திலிருந்து நான்காவது கட்டத்துக்கு ஒரு விரற்கடைதான் இருக்கும். அவள் விரலை நான்காவது கட்டத்தின்மேல் சற்று நேரம் வைத்திருந்தாள்.

"என்ன, நாள் பாக்குறியா? ஜாதகம் மாதிரி விரல வச்சிட்டு ஈக்கிற" என்றாள் எதிர்மேசை பஸ்லினா. லோஜினிக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள். அக்குறணையிலிருந்து வருகிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"ரிப்போர்ட் வரலையே, அதான்."

"வராட்டி கூடையில போடு. அது கெடந்து காயட்டும்."

கூடை என்பது ஏதோ பேக்கரியிலிருந்து வந்து சேர்ந்த சிவப்பு பிளாஸ்டிக் பாண் கூடை. ஆய்வுகூட ரிப்போர்ட் வராத கட்டி டிக்கட்டுகள் எல்லாம் அதில் கிடக்கும். ரிப்போர்ட் வந்ததும் பொருத்திக் குறிப்பார்கள். கிளினிக்குக்குத் தேவையானதை அதிலிருந்தே எடுத்து மேலே அனுப்புவார்கள். லோஜினி டிக்கட்டைக் கூடையில் போட்டாள். ஒவ்வொரு காலையும் வந்ததும் கூடையைக் கிளறி அது இருக்கிறதா என்று பார்த்தாள். அந்த அறையில் வேறு யாருடைய பெயரையும் அவள் அப்படித் தேடியதில்லை.

காலாண்டு முடிகிற வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் ராஜலிங்கம் சேர் வந்து கூடையைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"இதெல்லாம் எப்ப முடியும்? கொழும்புக்கு அறிக்கை போக வேணும். எல்லாத்துக்கும் தெரியாத கட்டி எண்டு கடைசிக் கட்டத்து எண்ணைப் போட்டு றாக்கைக்கு அனுப்புங்கோ. ரிப்போர்ட் வந்தாப் பிறகு மாத்தலாம்."

அவர் போனதும் பஸ்லினா உதட்டைப் பிதுக்கினாள். "பொறகாம். றாக்கைக்குள்ள போன டிக்கட் எது திரும்பி வந்தீக்கி? மௌத்தாகி மண்ணுக்குள்ள போன ஆக்கள் வந்தாலும் வருவாங்க, அது வராது."

ஆனாலும் அவள் கூடையைப் பாதி பாதியாகப் பிரித்தாள். இருவரும் குறிக்கத் தொடங்கினார்கள். மார்புக் கட்டி, தெரியாதது. கழுத்துக் கட்டி, தெரியாதது. லோஜினியின் பாதியில் மோகனராஜ் வந்தான். அவள் பேனையை எடுத்தாள். D என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். D14.2க்கும் D38.1க்கும் அதே எழுத்துத்தான். அடுத்த எண்ணை எழுதிவிட்டால் டிக்கட் றாக்கைக்குள் போகும், நல்ல ரிப்போர்ட்டே வந்தாலும் யாரும் அதைத் தேடி எடுக்க மாட்டார்கள், அவன் எந்தக் காலமும் தெரியாதவர்களின் வரிசையில் கிடப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. கொழும்பில் யாரோ கூட்டப்போகிற கணக்கில் அவன் எந்தக் கட்டத்தில் இருந்தால் என்ன என்றும் தோன்றியது. இரண்டாவது நினைப்பு நியாயமானது. அவள் முதலாவதைக் கேட்டாள். பஸ்லினா மற்றக் கட்டை றாக்கைக்குத் தூக்கிக்கொண்டு போன நேரம் பார்த்து, டிக்கட்டைத் தன் மேசை லாச்சிக்குள், படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்கு அடியில் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் மனம் ஆறுதலாக இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எடுப்பாள். அடியில் அவனுடைய பெயர் தெரியும். கதையில் ஒருத்தி ரயில் நிலையத்தில் பனிக்குள் நின்றுகொண்டிருந்தாள். ரயில் வந்தபாடில்லை. மாலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் புதியவன் ஊர்களைக் கத்துவான். அவள் ஏறுவாள். இறங்குவாள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

கிளினிக்குக்கு டிக்கட் எடுப்பவர்கள் கூடையிலும் றாக்கையிலும்தான் தேடுவார்கள், ஒருவருடைய லாச்சியைத் திறக்க மாட்டார்கள் என்பது அவளுடைய நினைவுக்கு வரவேயில்லை.

ஒரு வாரம் கழித்து வந்த செவ்வாய்க்கிழமை காலை அவள் வார்ட்டுகளைச் சுற்றி டிக்கட் சேர்த்துக்கொண்டு தள்ளுவண்டியோடு கீழே வந்தபோது, பஸ்லினா தொலைபேசியை வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"காலையில இருந்து ஒரே தலையிடி. தொண்டைக் கிளினிக்கில ஒரு மனிசன்ட டிக்கட் இல்லயாம். கூடையில பாத்தன், றாக்கையில பாத்தன், எங்கயும் இல்ல. ரிப்போர்ட் நேத்து நீ போன பொறகு வந்து ஆணியில தொங்குது. ஆளில்லாத ரிப்போர்ட் எண்டு நான்தான் மாட்டினன். டிக்கட் இல்லாம டொக்டர் பாக்க மாட்டாராம். அடுத்த கிழமை வரச் சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

"யாரு?"

"மோகனராஜோ என்னமோ. மடுல்கெல்ல. பாவம், வாய் தொறக்கவும் ஏலாதாம். சிஸ்டர் சொல்றா, ஒண்டும் சொல்லாம தலைய மட்டும் ஆட்டிட்டுப் போனாராம்."

லோஜினி தள்ளுவண்டியை விட்டாள். அது தானாகப் போய் அலுமாரியில் இடித்து நின்றது. லாச்சியை இழுத்துப் புத்தகத்தைத் தூக்கி டிக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பஸ்லினா டிக்கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ட லாச்சிக்குள்ளயா?"

"ம்."

"என்னத்துக்கு?"

"தெரியாததுன்னு போட மனசு வரல."

பஸ்லினா டிக்கட்டின் மூலையைப் பார்த்தாள். D என்ற ஒற்றை எழுத்து அங்கே நின்றது. பிறகு லோஜினியின் முகத்தைப் பார்த்தாள். ஆணியிலிருந்து ரிப்போர்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"புத்தகம் படிச்சிப் படிச்சி ஒனக்கு மண்ட கழண்டு போச்சி. இந்தா, கொண்டு ஓடு. அந்த மனிசன் இன்னொரு கிழமைக்கு ஊமையா ஈக்கணும் ஒண்ட மனசுக்காக."

படிக்கட்டில் ஏறும்போதே அவள் ரிப்போர்ட்டைப் படித்தாள். கடைசி வரிதான் வேண்டும். பப்பிலோமா. தீங்கற்றது. புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை. கேள்விக்குறி எங்கேயும் இல்லை. இந்த ஒரு வரி நேற்றிலிருந்து ஆணியில் தொங்கியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் விடிய முன்னரே மலையிலிருந்து இறங்கி வந்திருப்பான்.

கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்தது. சிஸ்டர் டிக்கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கிருந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்னுடைய மேசையில். என் பிழை" என்று லோஜினியும் சிங்களத்திலேயே சொன்னாள்.

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். டொக்டர் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார், ஆளைத் திருப்பிக் கூப்பிட முடியுமானால் பார்ப்பார் என்றார். தொலைபேசியை லோஜினியின் பக்கம் தள்ளினார். "நீங்களே எடுத்துச் சொல்லுங்க தங்கச்சி. என்னுடைய தமிழில் சொன்னால் அந்த மனிதர் கொழும்புக்கே ஓடிவிடுவார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். அது டொக்டர் சொல்ல வேண்டியது" என்றார்.

டிக்கட்டில் இருந்த எண்ணை லோஜினி அழுத்தினாள். மணி நெடுநேரம் அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். குரல் வரவில்லை. இயந்திரத்தின் உறுமலும் புதியவன் "வத்தேகம, வத்தேகம" என்று கத்துவதும் தூரத்தில் கேட்டன. அவற்றுக்கு இப்பால், காதுக்கு மிக அருகில், ஒரு மூச்சு. உள்ளே போய் வெளியே வந்தது. லோஜினி அதில் விசிலைத் தேடினாள். இல்லை. காற்று தடையில்லாமல் போய் வந்தது.

"மோகனராஜுங்களா? ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். நீங்க பேச வேணாம், கேட்டுக்கங்க. ஒங்க டிக்கட் கெடச்சிருச்சி. டொக்டர் இப்பவே பாக்குறேன்னு சொல்றாரு. திரும்பி வர முடியுமா?"

மூச்சு நின்றது. அவள் அந்த ஒரு கணத்தில் அவனுடைய பயத்தை முழுதாகக் கேட்டாள். திருப்பிக் கூப்பிடுகிறார்கள் என்றால் என்னவாக இருக்கும் என்று அவன் நினைக்கிறான். சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாம வாங்க" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு உரிமையில்லை. இருந்ததையெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் வைத்துச் சொன்னாள்.

மறுமுனையில் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. பஸ்ஸில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. இயந்திரம் தணிந்தது. "யாருப்பா எறங்குறது? மோகனா, நீயா? என்னடா, நல்லாத்தானே வந்த?" என்று டிரைவரின் குரல் கேட்டது. பிறகு இரண்டு தட்டு. பஸ் போகிற சத்தம். அவன் இறங்கிவிட்டான்.

லோஜினி கீழே போயிருக்கலாம். போகவில்லை. நடைக்கூடத்து வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் வேகமாக வந்தான். மெலிந்திருந்தான். கொண்டக்டரின் தோற்பை தோளில் இல்லாமல் ஒரு பக்கம் காலியாக இருந்தது. அவளைக் கண்டதும் நின்றான். இந்த இடத்தில் எதிர்பார்க்காத அந்த முகமும், அவள் கழுத்தில் தொங்கிய அட்டையும் அவனுக்குப் பொருந்தச் சற்று நேரமெடுத்தது. பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக் காட்டி, அவள் பக்கம் விரலை நீட்டினான். அவள் தலையசைத்தாள்.

"டிக்கட் என்கிட்டதான் இருந்திச்சி. என்னாலதான் ஒங்களுக்கு இவ்வளவு அலைச்சல்."

அவன் அதைக் கேட்டான். கோபப்படுவதா என்று யோசிப்பவன்போல முகம் ஒருகணம் இறுகியது. பிறகு கை இரண்டையும் புத்தகம்போல் சேர்த்து விரித்து, புருவத்தை உயர்த்தினான்.

"இல்ல" என்றாள் லோஜினி. "இன்னும் முடியல."

சிஸ்டர் அவனுடைய பெயரைக் கூப்பிட்டார். திரைச்சீலை விழுந்தது. உள்ளே டொக்டர் பேசுவது தெளிவில்லாமல் கேட்டது. கதிரை கிறீச்சிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டொக்டர் சிரித்துக்கொண்டே, இனிப் பேசிப் பாருங்கள், மெதுவாக, என்றார். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை போலும். டொக்டரே சிங்களத்தில் கேட்டார், ஊர் எது?

"மடுல்கெல்ல."

துருப்பிடித்த குரல். நடுவில் உடைந்தது. ஆனாலும் அவன் அதை அவசரப்படாமல் இழுத்து, கடைசி எழுத்தை மெல்ல இறக்கி வைத்தான்.

லோஜினி எழுந்து கீழே போனாள்.

பின்னேரம் டிக்கட் வந்தது. கேள்விக்குறியை டொக்டர் வெட்டிவிட்டு அருகில் கையெழுத்திட்டிருந்தார். D என்ற எழுத்துக்குப் பக்கத்தில் லோஜினி 14.2 என்று எழுதினாள். எண்களின் மை எழுத்தின் மையைவிடப் புதிதாகத் தெரிந்தது. அவள் இவ்வளவு நாளும் விரும்பியது இதைத்தான். எழுதிய பிறகு பார்த்தால், டிக்கட்டை வைத்திருக்க இனி ஒரு காரணமும் இல்லை.

"குடு, நான் கொண்டு போறன்" என்றாள் பஸ்லினா.

"இல்ல, நானே வைக்கிறேன்."

றாக்கையில் அவனுடைய இடம் மேல்தட்டில் இருந்தது. ஏணியில் ஏறி இரண்டு கட்டுகளுக்கு நடுவே செருகினாள். விளிம்பு சற்று வெளியே நின்றது. அதையும் உள்ளே தள்ளினாள். ஏணியடியில் நின்ற பஸ்லினா அவள் இறங்கியதும் தன் சோற்றுப் பெட்டியிலிருந்து இனிப்பாக ஒரு தொதல் துண்டை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மடுல்கெல்ல பஸ் நின்றது. புதியவன்தான் கத்திக்கொண்டிருந்தான். மோகனராஜ் இன்னும் சில காலத்துக்குக் குரலை உயர்த்தக்கூடாது என்று டிக்கட்டில் எழுதியிருந்தது. வேலைக்கு எப்போது வருவான், இந்த பஸ்ஸுக்கே வருவானா என்பதெல்லாம் அதில் இல்லை.

பின் சீற்றிலிருந்து நஸீப் நானா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "பாவம், நல்ல பொடியன். அந்த வருத்தம் வந்தா அவ்வளவுதான்." லோஜினி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிப் புத்தகத்தைத் திறந்தாள். அது அந்த வருத்தமில்லை என்று இரண்டொரு நாளில் மடுல்கெல்லவிலிருந்தே செய்தி வந்துவிடும்.

கதையில் ரயில் வந்துவிட்டிருந்தது. அவள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படிக்கவில்லை. பாலத்தில் பஸ் ஏறியதும் ஆற்றுக் காற்று ஜன்னலால் வந்தது. அவள் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். புதியவன் அவளைப் பார்க்காமல் ஒரு தட்டுத் தட்டினான். பஸ் நின்றது. கடைசிப் படியில், யாரும் கேட்காத கேள்விக்கு அவள் வாய்க்குள் பதில் சொல்லிவிட்டு இறங்கினாள்.